கம்போடியா போக கை குடுத்த எல்லாருக்கும்

பெரம்பூர் சபை மக்களுக்கும் எங்க தெரு ஆளுங்களுக்கும் ஸ்தோத்திரம், வணக்கம், சலாம். மூணையும் சேர்த்தே சொல்லிடுறேன், ஏன்னா எனக்கு உதவி பண்ணவங்க மூணு பக்கத்துலயும் இருக்கீங்க. கம்போடியால தண்ணி ஃபில்டர் குடுக்குற ஊழியத்துல இருந்து லீவுல ஊருக்கு வந்திருக்கேன், சீக்கிரமே திரும்பி கிளம்பணும், அதுக்குள்ள எல்லார் வீட்டுக்கும் வந்து நேர்ல சொல்ல முடியாது, அதான் எழுதுறேன்.

மொதல்ல பூசணிக்கா அங்கிளுக்கு. அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு சாதாரண பூசணிக்காய யாரு அந்த விலைக்கு எடுப்பாங்க, அதுவும் எடுத்துட்டு "இத மறுபடி ஏலம் விடுங்க, பாப்பா டிக்கெட்டுக்கு போகட்டும்"னு திருப்பி குடுத்தீங்களே, அந்த ஒரே பூசணிக்கா மேடைக்கும் கீழுக்கும் போய்ட்டு போய்ட்டு வந்து கடைசில கோலாலம்பூர் வழியா கம்போடியா தலைநகர் புனோம் பென் வரைக்கும் என் டிக்கெட் ஆச்சு. கடைசில அத யாரு வீட்டுல சாம்பார் வெச்சாங்கன்னு இன்னும் எனக்கு தெரியல. பாஸ்டர் ஐயா, ஓஎம்ஆர் ரோட்டு கம்பெனி வேலைய விடுறேன்னு நான் வந்து சொன்னப்போ "ஆமா ஆமா போ"ன்னு சொல்லாம "ஒரு மாசம் ஜெபம் பண்ணு, அப்பவும் தோணுச்சுன்னா வா"ன்னு அனுப்புனீங்க, அதுக்கு தனியா ஒரு நன்றி, அன்னிக்கு கோவம்தான் வந்துச்சு.

விமன்ஸ் ஃபெலோஷிப் ஆன்ட்டிங்களுக்கு இட்லி பொடிக்கு நன்றி, பணத்துக்கு அதவிட பெரிய நன்றி. மாடி வீட்டு மாமி வேப்பிலகட்டி குடுத்தீங்க, "எந்த சாமிக்கு வேல செஞ்சா என்னடி, வயிறு கெடாம பாத்துக்கோ"ன்னீங்க. எதிர் வீட்டு பாய் நடுராத்திரில ஆட்டோ எடுத்துட்டு வந்து ஏர்போர்ட்ல விட்டுட்டு காசு வாங்காம போனார், பெட்டி வெயிட் கூடுதுன்னு கவுன்ட்டர்ல சொன்னதும் எடுத்து வெளிய வெச்ச ரெண்டு புடவையையும் பத்திரமா அம்மாகிட்ட கொண்டு வந்து சேத்ததும் அவர்தான்.

இப்போ உங்க பணம் என்னாச்சுன்னு சொல்றேன், இது கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. நான் இருக்கிறது புனோம் பென்ன சுத்தி இருக்கிற கண்டால் மாகாணத்துல. பாக்குற பக்கமெல்லாம் தண்ணி, ஆனா குடிக்க முடியாது. குழாய் கிணறு நெறைய போட்டாங்க, அப்புறம்தான் பல எடத்துல ஆர்சனிக் இருக்குன்னு டெஸ்ட்ல வந்துச்சு, அது மண்ணுலயே இயற்கையா இருக்கிற விஷம், வாசனையும் இல்ல ருசியும் இல்ல, வருஷக்கணக்கா குடிச்சா தோல்ல தடிப்பு வரும், புத்துநோய் வரைக்கும் போகும். குளம், ஆத்து தண்ணில ஆர்சனிக் பிரச்சன கம்மி, ஆனா கிருமி. அதுக்குத்தான் மண்பான ஃபில்டர். களிமண்ணும் அரச்ச உமியும் கலந்து பான மாதிரி அச்சுல அழுத்தி சூளைல சுடுவாங்க, உமி எரிஞ்சு போன எடத்துல கண்ணுக்கு தெரியாத ஓட்டைங்க விழும், தண்ணி கசியும், கிருமி தங்கிடும், மேல கொஞ்சம் வெள்ளி கரைசல் பூசுவாங்க. அத ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள்ள தொங்க விட்டு கீழ பைப் வெச்சா வேல முடிஞ்சுது. ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணு ரெண்டு லிட்டர்தான் இறங்கும், ஆனா கரண்ட் வேணாம். இதுல ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும், இந்த பான கிருமிய நிறுத்தும், ஆர்சனிக்க நிறுத்தாது, அதனால கெட்ட கிணத்து தண்ணிய இதுல ஊத்தி குடிக்காதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். மழ தண்ணிய வீட்டு வாசல்ல ஆள் உயர ஜாடில புடிச்சு வெப்பாங்க, அத ஊத்தலாம்.

என் வாரத்துல பாதி இந்த பானைக்கே போயிடும். மோட்டார் பைக்குக்கு பின்னாடி இழுவ வண்டி கட்டின ரெமோர்க்ல ஏத்தி, உடையாம மடில புடிச்சுக்கிட்டு, தூண் மேல நிக்கிற வீட்டுக்கு அடில உக்காந்து எப்படி கழுவுறதுன்னு காட்டுவோம். சோப்பு போடக்கூடாது, ஓட்ட அடச்சுக்கும், சாஃப்ட் பிரஷ்ல மெதுவா தேய்க்கணும். சண்டே ஸ்கூல் பிள்ளைங்க சேத்து குடுத்த டூத் பிரஷ் மூட்டை இதுக்குத்தான் போச்சு, ஒவ்வொரு வீட்டு வாளி பக்கத்துலயும் ஒரு பிரஷ் தொங்குது, போட்டோ அனுப்புறேன் டீச்சர்.

காசு குடுத்த ஆன்ட்டி ஒருத்தர் "தண்ணிக்குன்னா குடுக்குறேன், 2019 மறக்குமா"ன்னாங்க. எப்படி மறக்கும், சென்னைல தண்ணி பஞ்சம் வந்த வருஷம். ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வில்லிவாக்கம் வந்துச்சே, நான் குடத்த வெச்சுக்கிட்டு லாரிக்கு லைன்ல நின்னதெல்லாம் அந்த ஊரு பொம்பளைங்ககிட்ட சொன்னேன், கடலோர ஊர்ல தண்ணி இல்லையான்னு சிரிச்சாங்க. அன்னிக்கு அப்புறம்தான் என்ன டீச்சர்னு கூப்புடுறத விட்டுட்டு பொண்ணுன்னு கூப்புட ஆரம்பிச்சாங்க.

மத்த நாள்ல காலைல பாஷ கிளாஸ், சாயங்காலம் பசங்களுக்கு இங்கிலீஷும் கணக்கும். அந்த ஊரு பாஷையான கெமரோட எழுத்து பல்லவ எழுத்துல இருந்து வந்ததுன்னு கிளாஸ்ல சொன்னப்போ மாமல்லபுரத்துக்காரி மாதிரி கொஞ்சம் கெத்தா உக்காந்தேன், அடுத்த பத்து நிமிஷத்துல கெத்து போச்சு, ஒரு எழுத்துக்கு கீழ இன்னொரு எழுத்து தொங்குது. பேச கத்துக்குடுக்கிறது பசங்கதான். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1706ல தரங்கம்பாடி வந்தப்போ அவருக்கு இருபத்தஞ்சு வயசு கூட ஆகல, பள்ளிக்கூட பிள்ளைங்களோட மண்ணுல உக்காந்து எழுதித்தான் தமிழ் கத்துக்கிட்டார்னு சண்டே ஸ்கூல்ல படிச்சோமே, அத இப்போ முழுசா நம்புறேன்.

வந்ததுல இருந்து எல்லாரும் கேக்குற கேள்வி, "எத்தன பேரு ரட்சிக்கப்பட்டாங்க?", அதாவது எத்தன பேரு கிறிஸ்தவங்களா மாறினாங்கன்னு. தயவுசெஞ்சு இத கேக்காதீங்க. அங்க புத்த மதம்தான் அரசு மதம், வீடு வீடா போய் பிரசங்கம் பண்றதுக்கு 2007லயே அரசாங்கம் தட போட்டிருக்கு, உதவி குடுத்து ஆள் சேக்கக்கூடாதுன்னும் சொல்லியிருக்கு. என்ன கேட்டா அது சரியான சட்டம்தான், ஃபில்டர் குடுக்குற கையாலயே துண்டு பிரதியும் நீட்டினா வாங்குறவங்களுக்கு எப்படி இருக்கும்? யாராவது நீ ஏன் வந்தன்னு கேட்டா சொல்றேன், கேக்கலன்னா பானைய கழுவிட்டு வர்றேன். என் ரிப்போர்ட்ல ஆத்துமா கணக்கு வராது, வாளி கணக்குதான் வரும், இதுக்காக காணிக்க நிறுத்துறவங்க நிறுத்திக்கலாம், வருத்தம் இல்ல. (கொஞ்சம் இருக்கு.)

நான் தங்கியிருக்கிற வீட்டு பாட்டிக்கும் இதுல நன்றி சொல்லணும், அவங்களுக்கு இத படிக்க தெரியாட்டியும். 1975ல கெமர் ரூஜ்ங்கிற கம்யூனிஸ்ட் படை ஆட்சிய புடிச்சு புனோம் பென்ன காலி பண்ண சொன்னப்போ அவங்க சின்ன பொண்ணு, அந்த நாலு வருஷத்த பத்தி அவங்க பேச மாட்டாங்க, நானும் கேக்கல. ஆனா தட்டுல சோறு மிச்சம் வெச்சா மட்டும் பாத்துக்கிட்டே நிப்பாங்க. காலைல கஞ்சி, மத்தியானம் மீன், எல்லாத்துலயும் ப்ரஹோக்னு ஒரு புளிச்ச மீன் விழுது, காசிமேட்டுல மூக்க புடிக்காம நடந்தவளுக்கு அது ஒண்ணும் பெரிசில்ல. அவங்க புது வருஷமும் நம்ம சித்திரையும் ஒண்ணா வருது, அன்னிக்கு தண்ணி ஊத்தி மூஞ்சில பவுடர் அப்புனாங்க, அம்மாவுக்கு வீடியோ கால் பண்ணா என்ன அடையாளமே தெரியல.

அம்மா, "வயசு பொண்ண தனியா அனுப்புறியே"ன்னு கேட்டவங்களுக்கெல்லாம் நீதான் பதில் சொன்ன, நான் பிளேன்ல ஏறி போயிட்டேன். அப்பா பேசாமலேயே பேங்க்ல போட்ட காசுக்கும் நன்றி. சனிக்கிழம ஜூம் ஜெபத்துக்கு அங்க நேரம் ஒன்றர மணி முன்னாடின்னு பாத்து எனக்காக சீக்கிரம் ஆரம்பிக்கிற யூத் பசங்களுக்கு, மியூட் போட கத்துக்கிட்டா இன்னும் நன்றி.

தடுப்பூசி போட்ட நர்ஸக்கா, உங்க பேரு கேக்காம வந்துட்டேன், டைஃபாய்ட் எனக்கு வரல.

இந்த தடவையும் பெட்டில எடம் கம்மிதான். ஊறுகா குடுக்குறவங்க பாட்டில்ல வேணாம், கவர்ல கட்டி குடுங்க, மேல பேரு எழுதிடுங்க, போன தடவ வந்த நார்த்தங்கா யாரு குடுத்ததுன்னு இன்னும் தெரியாம இந்த லெட்டர்ல அவங்கள மட்டும் விட்டுட்டேன்.