திரௌபதி அம்மன் கோயில் விழாக் குழுவுக்கு ஒரு மடல்

விழாக் குழு அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

இந்த வருஷம் பாரதத்தை, அதாவது மகாபாரதப் பிரசங்கமும் தெருக்கூத்தும் நடக்கிற நம் விழாவை, 18 நாளிலிருந்து 3 நாளாகச் சுருக்கிவிட்டு, மிச்சப் பணத்தில் ஒரு ராத்திரி ஆர்கெஸ்ட்ரா வைக்கலாம் என்று பேசியிருக்கிறீர்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்பது நிஜம்தான். தறி நூல் விற்கிற விலையில், குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரியை ஏற்றுங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வராது. "கூத்துக்கு இப்ப எந்தப் பிள்ளை வருது?" என்று கேட்டீர்களே, அதற்குத்தான் இந்த மடல்.

40 வருஷம் விசைத்தறி ஓட்டியவன் நான். பள்ளிப்பட்டுப் பக்கம் தறிக்கொட்டகைச் சத்தத்துக்குக் காதைப் பறிகொடுத்தவர்கள் என்னைப் போல் எத்தனையோ பேர். காது மந்தமானவனிடம் வீட்டில் பேச்சு குறைந்துவிடும். "என்ன?" என்று இரண்டு தரம் கேட்டால் மூன்றாவது தரம் "ஒண்ணுமில்லப்பா" என்று முடித்துவிடுவார்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், நல்ல காரியம். பேச்சுத் துணைக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

போன வருஷம் கூத்துக்குப் பேத்தியைக் கூட்டிப் போனேன். ஒன்பது வயசு. திரைக்குப் பின்னாலிருந்து வேஷம் கட்டியவர் பாடுகிறார். அவளுக்குப் பாட்டு கேட்கிறது, ஆள் யாரென்று தெரியவில்லை. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை, மிருதங்கம் மட்டும் நெஞ்சில் இடிக்கிறது. ஆனால் திரை விலகி, கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கண்டதும் துரியோதனன் என்று தெரிந்துபோயிற்று. நான் அவளுக்குக் கதை சொன்னேன். கூத்தின் கோமாளி கட்டியக்காரன் அடித்த ஜோக்கை அவள் என் காதில் கத்தினாள். அதில் பாதி தெலுங்கு; நகரியிலிருந்து வந்திருந்த சம்பந்தி வீட்டார் எங்களுக்கு முன்னாலேயே சிரித்துவிட்டார்கள். (1960 ஏப்ரலில் நம் பக்கம் ஆந்திராவிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டுப் பக்கம் சேர, நகரி ஆந்திராவிலேயே நின்றது. அதற்காகக் கடைசி நாள் போர்க் கட்டமான படுகளத்துக்கு அவர்கள் வராமல் இருந்ததில்லை.) அந்த 18 நாளில் நானும் அவளும் பேசிய பேச்சை மற்ற 347 நாளில் பேசியிருக்க மாட்டோம்.

3 நாளில் இது நடக்காது. முதல் வாரம் முழுக்க "தாத்தா, இது யாரு?" என்பதே அவள் பாட்டு. அர்ச்சுனன் தபசன்று, அர்ச்சுனன் வேஷக்காரர் தபசு மரத்து மேலிருந்து வீசிய எலுமிச்சம்பழத்துக்கு ஓடினாள். அதற்கப்புறம்தான், கிழடுகள் மட்டும் உட்காரும் மத்தியானப் பாரதப் பிரசங்கத்துக்குத் தானாக வந்தாள். 18ஆம் நாள், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் தொடையைப் பீமன் பிளந்து திரௌபதி கூந்தல் முடிந்தபோது அழுதாள், துரியோதனனுக்காக! ஆர்கெஸ்ட்ராவில் யாரும் யாருக்கும் கதை சொல்ல வேண்டியதில்லை. அந்த ஸ்பீக்கர் முன்னால் நல்ல காது உள்ளவனும் என் கதிதான்.

போலீஸ் தொல்லை என்றீர்கள். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக அரசு 12 மணி வரை விட்டுக்கொடுக்கலாம், அதுவும் வருஷத்தில் 15 நாளுக்கு மேல் முடியாது. ஏழு மணிக்கே திரை பிடியுங்கள், பத்துக்கு மைக்கை அணைத்துவிடுங்கள். மைக் வராத காலத்தில் பழகிய கூத்துத் தொண்டை அது, தெருக்கோடி வரை போகும். விடிய விடிய ஆடித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை, 12க்கு முடித்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தூங்கலாம். ஆட்டம் பாதி என்று கூத்து ஜமாவின் (ஆட்டக் குழுவின்) கூலியைப் பாதியாக்கிவிடாதீர்கள். சீரியல் லைட்டையும் வாணவேடிக்கையையும் குறையுங்கள்.

ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒதுக்கிய பணத்தில் கூத்து வாத்தியார் ஒருவரைக் கோடை விடுமுறையில் ஊரில் தங்கவைத்து, பிள்ளைகளுக்கு அடவும் தாளமும் சொல்லித்தரச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சிலர் முகம் சுளிப்பீர்கள், தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் பேசுவது எனக்குச் சரியாகக் கேட்காது, அதனால் பேத்தியையும் கூட்டி வருவேன்.

இப்படிக்கு,
கீழத்தெரு தறிக்காரன்