முதலில் எடைக் குறிப்பைப் பார்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

மருந்து கொடுத்த எலிகளுக்கு எதிர்ப்பொருள், அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி, குறைந்துவிட்டது என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது: அந்த எலிகள் ஒழுங்காகத் தின்றனவா?

ஆய்வக எலிகளை வளர்க்கும் அனிமல் ஹவுஸிலேயே வேலை பார்த்துப் பழகிய கண் எனக்கு. இரை இறங்காத எலியைத் தூரத்திலிருந்தே தெரியும். முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் கிடக்கும், ரோமம் சிலிர்த்திருக்கும், போட்ட காகிதத் துணுக்கில் கூடு கட்டாது. அதை அறுத்துப் பார்த்தால் இதயத்துக்கு மேலே இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கிப் போயிருக்கும். எந்த வாதையானாலும் எலியின் தைமஸ் சுருங்குவதை ஹான்ஸ் செல்யே 1936-லேயே எழுதிவிட்டார். வாதையில் ஊறும் கார்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏற ஏற, அங்கே வளரும் டி செல்கள், அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்கள், மடிகின்றன.

ஆனால் இதை வெறும் சத்துக்குறைவு என்று நினைத்துவிடாதே. 48 மணி நேரம் பட்டினி போட்ட எலிகளுக்கு இரை கொடுக்காமல் லெப்டினை மட்டும் ஏற்றிப் பார்த்தார்கள், 1998-இல். தளர்ந்த எதிர்ப்புத்திறன் மீண்டது! கொழுப்பிலிருந்து வரும் அந்த ஹார்மோன் குறைந்தாலே, கையிருப்பு தீர்கிறது என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. நோயெதிர்ப்பு போன்ற செலவு அதிகமுள்ள வேலையை முதலில் நிறுத்துகிறது. வயிறு நிறைந்திருந்தாலும் இது நடக்கும். குளுகோஸைப் போலவே இருக்கும் டூ-டிஆக்ஸி குளுகோஸை ஏற்றினால் செல் அதைக் குளுகோஸ் என்று உள்ளே எடுத்துக்கொள்ளும், எரிக்க முடியாமல் திணறும். வட அமெரிக்கக் காட்டெலியான பெரோமிஸ்கஸிடம் 1990-களில் இதைச் செய்தபோது, நீண்ட பகலில் வைத்தவற்றில் டி செல்கள் பெருகுவது குறைந்தது. குளிர்காலம்போலக் குறுகிய பகலில் வைத்தவை தாங்கிக்கொண்டன. எனக்கு இன்றும் பிடித்த சோதனை இதுதான். பஞ்ச காலம் வருமுன்பே அந்தச் சிறு பிராணியின் உடம்பு தயாராகிவிடுகிறது, பார்.

அறையின் குளிரையும் மறக்காதே. நமக்கு இதமான 22 டிகிரியில் சுண்டெலி நடுங்காமலிருக்கவே எரிபொருளைச் செலவழிக்கிறது. அதற்கு இதமானது 30-ஐ ஒட்டி. 30 டிகிரியில் வைத்த எலிகளில் புற்றுக்கட்டி மெதுவாக வளர்ந்ததையும், கட்டிக்குள் டி செல்கள் கூடுதலாக இருந்ததையும் 2013-இல் காட்டினார்கள். கூண்டில் தாராளமாகக் கூடு கட்டப் பொருள் போடு. தனியாக அடைக்காதே, ஒன்றையொன்று ஒட்டிப் படுத்தால் குளிர் தாங்கும்.

அடுத்த முறை மூன்றாவதாக ஒரு குழு வை. மருந்து வாங்கும் எலிகள் நேற்று எவ்வளவு தின்றனவோ, அதே அளவு இரை மட்டும் இவற்றுக்கு, மருந்து கிடையாது. இவற்றுக்கும் எதிர்ப்பொருள் அதே அளவு குறைந்தால், நீ அளந்தது மருந்தை அல்ல, பசியை. கட்டுரை தள்ளிப்போனால் போகட்டும். உன் சோதனைக்காக அவை உயிரைக் கொடுக்கின்றன; அதற்குச் சரியான விடையாவது கிடைக்க வேண்டும்.

தினசரி எடைக் குறிப்பை எனக்கு அனுப்பு. சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா