இந்தக் கால்கள் ஜனவரியில் எங்கே இருந்தன? சென்னையின் எஃப்.சி.க்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் நிர்வாகத்தினருக்கும், இந்த 2024-25 சீசனின் பயிற்சியாளர் ஓவன் கோய்ல் அவர்களுக்கும், இந்த சீசனில் நீலச் சட்டை அணிந்து ஆடிய வீரர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, நேரு விளையாட்டரங்கில் ஜாம்ஷெட்பூரை 5-2 என்று வென்றீர்கள். அன்று கத்திய கத்தலில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மறுநாள் அச்சகத்தில் ஒரு வார்த்தை பேச முடியாமல் சைகையிலேயே வேலை வாங்கினேன். மனம் நிறைந்து கத்திய கத்தல் அது. ஆனால் அதன் பிறகு இரண்டு இரவுகள் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதற்கும் காரணம் இந்த வெற்றிதான். அதை உங்களிடம் சொல்லாமல் அடுத்த சீசனுக்கு வந்து உட்கார என்னால் முடியாது.

நான் பெரம்பூர்க்காரன். 2014-இல் இந்த அணி தொடங்கிய நாளிலிருந்து உங்கள் ஆட்டங்களைப் பார்க்கிறேன். மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, ரிப்பன் மாளிகையைத் தாண்டி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து அரங்கத்துக்குள் நுழையும் அந்தப் பத்து நிமிடங்கள்தான் என் வாரத்திலேயே நல்ல நேரம். இப்போது ஒன்பது வயது மகனும் கூட வருகிறான். அவன் போட்டிருக்கும் நீலச் சட்டை போன வருடம் அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. இந்த மார்ச்சில் சரியாக இருக்கிறது. பிள்ளை வளர்ந்துவிட்டான். அவன் வளர்ந்த அந்த ஒரு வருடத்தில் அவனுக்கு நீங்கள் காட்டியது என்ன என்று யோசிக்கும்போதுதான் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது.

24 ஆட்டங்களில் 7 வெற்றிகள். 13 அணிகளில் 11-ஆவது இடம். முதல் ஆறு அணிகளுக்குத்தான் ப்ளே ஆஃப், அதாவது கோப்பைக்கான அடுத்த சுற்று. நாம் அந்தக் கோட்டுக்கு அருகில்கூட இல்லை. இத்தனைக்கும் சீசனின் முதல் ஆட்டத்திலேயே புவனேஸ்வரத்தில் ஒடிசாவை 3-2 என்று வீழ்த்தினோம். அந்த இரவு நானும் மகனும் தொலைக்காட்சி முன் குதித்ததில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார்.

பிறகு செப்டம்பர் 26. கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், ஐ.எஸ்.எல். என்னும் இந்த இந்தியன் சூப்பர் லீக்கில் முதன்முறையாக ஆட வந்த அணி. அவர்களிடம் சென்னையில், நம் அரங்கில், 0-1 என்று தோற்றோம். அந்த அணி 24 ஆட்டங்களில் வென்றது மொத்தம் இரண்டே ஆட்டங்கள்; பட்டியலில் கடைசி இடம். அந்த இரண்டில் ஒன்றை நம் வீட்டு வாசலில் வைத்து அவர்கள் கையில் கொடுத்தது நாம்தான். ஜனவரியில் அதே அணியோடு கொல்கத்தாவில் ஆடும்போது இரண்டு கோல் முன்னிலையோடு 90-ஆவது நிமிடத்தைத் தொட்டோம். நடுவர் கூடுதலாகக் கொடுத்த நேரத்துக்குள் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு 2-2 என்று வந்தோம். அந்தக் கடைசி நிமிடங்களில் நம் தற்காப்பு வீரர்கள் பந்தை எங்கே அடிப்பது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஜனவரி 30-ஐப் பற்றி விரிவாக எழுத எனக்கு மனம் வரவில்லை. கேரளா பிளாஸ்டர்ஸ். கொச்சியில் நவம்பரில் 0-3 என்று வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள். மூன்றாவது நிமிடத்திலேயே கோல் விழுந்தது. முதல் பாதி முடிவதற்குள் நம் முன்கள வீரர் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். முடிவு 1-3. நம் அரங்கில் மஞ்சள் சட்டைகள் பாட, நாங்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திரும்பும் ரயிலில் என் மகன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தான். அழுகிறானா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் நிச்சயம் அழுதிருப்பான்.

இதையெல்லாம் மனத்தில் சுமந்துகொண்டுதான் மார்ச் 9 அன்று வந்தேன். உண்மையைச் சொன்னால், வருவதா வேண்டாமா என்று மதியம் வரை முடிவு செய்யவில்லை. மகன்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

எங்களுக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒரு பெரியவர் உட்காருவார். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இளமையில் பந்து ஆடியவர் என்று அவர் பேச்சிலிருந்து தெரியும். பெயர் நான் கேட்டதில்லை. அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கி வருவார். நாம் கோல் போட்டால்தான் பிரிப்பார். போடவில்லை என்றால் அப்படியே சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போய்விடுவார். இந்த சீசனில் எத்தனை பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் திரும்பிப் போயின என்று எனக்குத் தெரியும்.

அன்று முதல் கோலுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். என் மகன் கையில் கொஞ்சம் கொட்டினார். அடுத்தடுத்த கோல்களுக்கு அரங்கமே எழுந்து நின்றது, மேளம் ஓயவில்லை. ஐந்தாவது கோல் விழுந்தபோது நான் மகனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினேன். ஆடி முடித்துத் திரும்பிப் பார்த்தால் பெரியவர் உட்கார்ந்தபடியே இருந்தார். கையில் காலிக் காகிதம். அதைப் பொறுமையாக நான்காக மடித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, இந்தக் கால்கள் ஜனவரியில் எங்கே இருந்தன?"

நான் தூங்காமல் புரண்டதற்கு அந்த ஒரு கேள்விதான் காரணம். இப்போது அதை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

"ஜாம்ஷெட்பூர் ஏற்கெனவே ப்ளே ஆஃபுக்குள் நுழைந்துவிட்டது, அவர்கள் பாதி மனதோடுதான் ஆடினார்கள்" என்று அச்சகத்தில் ஒருவர் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்காகத்தான் வந்தது. ஏனென்றால் கடந்த நவம்பரில் இதே ஜாம்ஷெட்பூரை அவர்கள் ஊரிலேயே, அவர்கள் ரசிகர்கள் முன்னிலையிலேயே 5-1 என்று அடித்தவர்கள் நீங்கள். அப்போது அவர்கள் யாரும் பாதி மனதோடு ஆடவில்லை. பட்டியலில் ஐந்தாவது இடம் பிடித்த ஓர் அணிக்கு எதிராக ஒரே சீசனில், இரண்டே ஆட்டங்களில், பத்து கோல்கள்! அதிர்ஷ்டத்தில் இப்படி இரண்டு முறை நடக்காது. உங்களுக்கு ஆடத் தெரியும். பிப்ரவரியில் கொல்கத்தாவுக்குப் போய் ஈஸ்ட் பெங்காலை 3-0 என்று வென்றதும் நீங்கள்தான்.

அதனால்தான் இந்த வெற்றி இனிக்கும்போதே கசக்கிறது. திறமை இல்லாத அணி தோற்றால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். "நம்மிடம் ஆட்கள் இல்லை, பணம் இல்லை, அடுத்த வருடம் பார்ப்போம்" என்று பிள்ளையைச் சமாதானப்படுத்தலாம். இந்த சீசன் முழுவதும் நானும் அவனிடம் அப்படித்தான் சொல்லி வந்தேன். மார்ச் 9 அன்று 90 நிமிடங்களில் நீங்கள் என் சமாதானத்தையெல்லாம் பொய்யாக்கிவிட்டீர்கள். முடியும் என்று காட்டிவிட்டீர்கள். அப்படியானால் முகமதனிடம் ஏன் முடியவில்லை? சொந்த ஊரில் முதல் வெற்றிக்கு ஏன் டிசம்பர் வரை காத்திருக்க வைத்தீர்கள்?

கடைசி நேரத்து வெற்றிகள் இந்த அணிக்குப் புதியவை அல்ல. 2015-ஐ நினைத்துப் பாருங்கள். பட்டியலின் அடியில் கிடந்தோம். எல்லோரும் கைவிட்ட பிறகு கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்குள் நுழைந்தோம். அந்த டிசம்பரில் வெள்ளம் வந்து சென்னையே மூழ்கியது. அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தைப் புனேவில் வைத்து ஆட வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் வடிந்து சேறு காயாத நாட்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். 90-ஆவது நிமிடம் நெருங்கும்வரை 1-2 என்று பின்தங்கியிருந்தோம். இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு கோல்கள். ஸ்டீவன் மெண்டோசா அடித்த கடைசி கோலில் கோப்பை நமதானது. வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களை இழந்து நின்ற என் பக்கத்து வீட்டுக்காரர் அன்று இரவு தெருவுக்கு வந்து வெடி வெடித்தார். தாமதமாக வந்தாலும் அந்த வெற்றிகள் எங்களை எங்கேயோ கொண்டுபோய்ச் சேர்த்தன.

2019 பிப்ரவரியையும் நினைத்துப் பாருங்கள். முந்தைய ஆண்டு பெங்களூரு மண்ணில் பெங்களூருவையே 3-2 என்று வென்று இரண்டாவது முறை சாம்பியன் ஆன அணி, அந்த சீசனில் கடைசி இடத்தில் கிடந்தது. 18 ஆட்டங்களில் மொத்தம் 9 புள்ளிகள். எல்லாம் போன பிறகு நேரு அரங்கில் பெங்களூருவை 2-1 என்று வென்றோம். அன்றும் நான் கத்தினேன். "திரும்பி வந்துவிட்டோம், அடுத்த சீசனைப் பாருங்கள்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அடுத்த சீசனின் முதல் நான்கு ஆட்டங்களில் நாம் ஒரு கோல்கூடப் போடவில்லை.

கோய்ல் அவர்களே, அந்தக் கதையின் மீதியை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். சீசன் நடுவில் வந்து அந்த அணியை எடுத்து இறுதி ஆட்டம்வரை கொண்டு போனவர் நீங்கள்தான். கொரோனா அச்சத்தில் பூட்டிய அரங்கில், கைதட்ட ஓர் ஆள் இல்லாமல், அந்த இறுதி ஆட்டத்தில் தோற்றோம். அதற்காக உங்கள் மீது எனக்குள்ள மரியாதை இந்த 11-ஆவது இடத்தால் குறைந்துவிடவில்லை. ஆனால் அன்று அந்த அணியைத் தூக்கி நிறுத்தியது பிப்ரவரியில் கிடைத்த ஒரு வெற்றி அல்ல. தவறு எங்கே என்று யாரோ உட்கார்ந்து பார்த்து, முகத்துக்கு நேரே சொல்லி, மாற்றினார்கள். இப்போதும் அதைத்தான் கேட்கிறேன்.

நிர்வாகத்தினரே, உங்கள் அறையில் இந்த சீசனைப் பற்றிப் பேச உட்காரும்போது 5-2 ஆட்டத்தின் காட்சிகளை முதலில் போடாதீர்கள். கொல்கத்தாவின் அந்தக் கடைசி நிமிடங்களை முதலில் போடுங்கள். வீரர்களோடு சேர்ந்து முழுவதையும் பாருங்கள். கஷ்டமாக இருக்கும். நாங்கள் பார்த்தோம் அல்லவா? பிறகு 5-1, 5-2 இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, அந்த இரு நாட்களில் மட்டும் நாம் என்ன செய்தோம் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். 2018 கோப்பையை வென்றபோது நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் வியாசர்பாடிப் பையன். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அந்த வருடம் எங்கள் பகுதி மைதானங்களில் பையன்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் சண்டை போட்டுக்கொண்டார்கள். இன்றும் வியாசர்பாடி மண் திடல்களில் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பந்து உருளும் சத்தம் கேட்கிறது. அங்கே வந்து பாருங்கள். சொந்த ஊரின் பெயரைச் சட்டையில் சுமக்கும் பையன் கேரளாவிடம் 0-1 என்று பின்தங்கிய நிமிடத்தில் எப்படி ஓடுவான் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த சீசன் ஐ.எஸ்.எல்.லில் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளும் வழக்கம் இருக்கவில்லை. பதினொன்றாவது இடத்தில் இருப்பவனுக்கு இழக்கவும் ஒன்றும் இல்லை, அடையவும் ஒன்றும் இல்லை. மார்ச் 9 அன்று நீங்கள் நடந்தே 90 நிமிடங்களைக் கழித்திருந்தாலும் பட்டியலில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. ஆனாலும் ஓடினீர்கள். முன்னிலையில் இருந்தபோதும் அடுத்த கோலைத் தேடினீர்கள். அதை நான் பார்த்தேன். அதற்காக மனமார்ந்த நன்றி. ஆட்டம் முடிந்து எங்கள் பக்கம் வந்து கைதட்டினீர்கள். ஓடுதளத்துக்கு அப்பால் நின்ற உங்கள் முகங்கள் அங்கிருந்து எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. எங்கள் முகங்களும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. என் வரிசையில் பாதி இருக்கைகள் காலி. இருந்தவர்களில் சிலர் கைதட்டினார்கள். சிலர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் கைதட்டினேன். எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்று தயவுசெய்து அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டிக்கொண்டு நின்றவர்கள் உங்களை வெறுக்கிறார்கள் என்றும் நினைக்காதீர்கள். அந்தப் பெரியவர் கைதட்டவில்லை. ஆனால் எப்போதும் 80-ஆவது நிமிடத்தில் கிளம்பிவிடுகிறவர், அன்று விளக்குகளை அணைக்கத் தொடங்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்து ரிப்பன் மாளிகைப் பக்கம் நடக்கும்போது என் மகன் கேட்டான்: "அப்பா, அடுத்த ஆட்டம் எப்போது?" ஐந்து கோல்கள் பார்த்த பிள்ளை. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சீசன் முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

அடுத்த சீசனின் முதல் உள்ளூர் ஆட்டம் என்றைக்கு என்று முடிவானதும் சொல்லுங்கள். அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து ஒரு ரசிகன்