எந்தப் பறவையின் அலகும் வளரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பரிணாமக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால், கடினமான விதைகளை உடைப்பதற்காகப் பறவைகள் தம் அலகைப் பெரிதாக்கிக்கொண்டன என்று அதில் எழுதியிருந்தது உறுத்தலாக இருக்கிறது. பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். எந்தப் பறவையாலும் அது முடியாது.

கலாபகஸ் தீவுகளில் ஒன்றான டாஃப்னி மேஜரில் உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் ஃபின்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து வந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் சீக்கிரமே தீர்ந்துபோய், மிஞ்சியதில் முக்கியமானது நெருஞ்சி இனத்துச் செடி ஒன்றின் முள்காய். தடித்த அலகுள்ள குருவி அந்தக் காயின் ஓரத்தைக் கவ்வித் திருகி உடைத்து விதையை எடுத்துவிடும். சிறிய அலகால் அது ஆகாது. அங்குள்ள நடுத்தரத் தரை ஃபின்ச் என்ற இனத்தில் சுமார் 85 சதவீதம் மடிந்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன் முன்பைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அதிகம். சிறிய அலகுள்ளவை கூடுதலாகச் செத்ததால்தான் அந்தச் சராசரி ஏறியது. அலகின் அளவு பெற்றோரிடமிருந்து பெருமளவு வருவது என்பதால், 1978இல் பிறந்த குஞ்சுகளும் தடித்த அலகோடு வளர்ந்தன. இப்படி அடுத்த தலைமுறைக்குப் போகாவிட்டால் அது பரிணாமமே இல்லை. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் காணோம்.

அப்புறம், பெரிய அலகுதான் மேலானது என்ற தொனியும் சரியில்லை. 1982-83இல் எல் நினோ (பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) கொண்டுவந்த பெருமழைக்குப் பின் தீவில் சிறு விதைகள் பெருகின. அதை அடுத்து வந்த வறட்சியில் சிறிய அலகுள்ளவையே அதிகம் தப்பின. 2004-05 வறட்சியிலோ முள்காய் தின்பதில் வல்ல, பெரிய தரை ஃபின்ச் என்ற வேறோர் இனம் அங்கே போட்டிக்கு இருந்தது. அதனால் நடுத்தர ஃபின்ச்சில் பெரிய அலகுள்ளவைதான் அதிகம் மாண்டன. அதே தீவு, அதே இனம், இதுவும் வறட்சிதான். 1977இல் காப்பாற்றிய அலகு இப்போது கைவிட்டது. என்னைக் கேட்டால் கட்டுரையின் மையமே இதுவாக இருந்திருக்க வேண்டும்.

உங்கள் அறிவியல் பக்கத்தை மாணவர்கள் நம்பிப் படிக்கிறார்கள். அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். வறட்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த அலகு அளவுகளை ஒரே வரைபடத்தில் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்