கூரைத் தகட்டில் சுண்ணாம்பு எவ்வளவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

மாடிக் கொட்டகைக்கு யுபிவிசி (கடினமான பிவிசி பிளாஸ்டிக்) தகடு வாங்குவோர் தடிமனை மட்டுமே அளக்கிறார்கள். சுண்ணாம்புத் தூளை (கால்சியம் கார்பனேட்) அள்ளிக் கொட்டிய தகடும் அதே தடிமன்தான். திருகாணி முடுக்கும்போதே விரிசல் விடக்கூடும்.

டிஜிஏ எனும் வெப்ப எடைச் சோதனை இதைக் காட்டிவிடும். மேல்பூச்சைச் சுரண்டிவிட்டு, நடு அடுக்கிலிருந்து 10 மில்லிகிராம் எடுத்து, நைட்ரஜனில் நிமிடத்துக்கு 20 டிகிரி வீதம் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். 600-க்கு மேல் குறையும் எடை, சுண்ணாம்பு விடும் கார்பன் டை ஆக்சைடு. இந்தச் சுண்ணாம்பின் எடையில் 44 சதவீதம் அந்த வாயு என்பதால், இழப்பை 0.44-ஆல் வகுக்கலாம்: 8 சதவீத இழப்புக்குச் சுமார் 18 சதவீதச் சுண்ணாம்பு. உண்மையில் இன்னும் கூடவே இருக்கும். 300 டிகிரி வாக்கில் பிவிசி கக்கும் அமில வாயு கொஞ்சம் சுண்ணாம்பை முன்பே தின்றுவிடுகிறது.

இந்தச் சதவீதத்தை விற்பனை ரசீதில் அச்சிட வைக்க வேண்டும்.

– கட்டுமானப் பொருள் சோதனையாளர்கள்