ஸ்மார்ட் சுவிச் வாங்குமுன் சுவர்ப்பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய தொடர்மாடிகளில் மட்டுமல்ல, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பழைய வீடுகளிலும் இப்போது தொலைபேசியால் இயக்கும் ஸ்மார்ட் சுவிச், கமரா என்று பூட்டுகிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலும் தாய் தகப்பன் இங்கே தனியாகவும் இருக்கும் வீடுகளுக்கு இவை நல்ல உதவிதான். அம்மா அணைக்க மறந்த சுடுநீர் ஹீற்றரை மகள் ரொறன்ரோவிலிருந்து அணைக்கலாம். ஆபத்து என்றதும் எல்லோரும் ஹேக்கர்களைப் பற்றியே பேசுகிறார்கள். முதலில் பார்க்கவேண்டியது வயரிங்.

பழைய வீடுகளில் பெரும்பாலும் சுவிச் பெட்டிக்குள் மின்சாரம் வரும் லைவ் கம்பியும் விளக்குக்குப் போகும் கம்பியும் மட்டுமே இருக்கும். மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியான நியூற்றல் சீலிங்கோடு நின்றுவிடும். ஆனால் பல ஸ்மார்ட் சுவிச்சுகளுக்கு நியூற்றல் கட்டாயம். அது இல்லையென்று எர்த் கம்பியையே நியூற்றலாகக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து இதை அனுமதிக்காதீர்கள். சுவிச் ஒழுங்காக வேலை செய்யும். அது இழுப்பது சில மில்லி அம்பியர் என்பதால் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சும் விழாமல் இருக்கலாம். எர்த் எங்காவது அறுந்தால் அதே கம்பியில் உள்ள பிரிட்ஜைத் தொட்டவருக்கு ஷொக் அடிக்கும். அந்த விளக்கின் சர்க்கியூட்டிலிருந்தே புதிதாக நியூற்றல் இழுக்கவேண்டும். முடியாவிட்டால் நியூற்றல் தேவைப்படாத ரகத்தை வாங்குங்கள். அதில் சிறிய எல்ஈடி மின்குமிழ்கள் அணைத்த பின்னும் மங்கலாக எரியலாம். கூடவரும் கப்பாசிற்றரை விளக்கின் இரு முனைகளிலும் இணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது ஹீற்றர். 3,000 வாட் ஹீற்றர் 230 வோல்ற்றில் 13 அம்பியர் இழுக்கும். அதை 10 அம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் செருகினால் உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் முனைகள் சூடேறி ஒட்டிக்கொள்ளலாம். அப்போது செயலி ‘ஓஃப்’ என்று காட்டும், ஹீற்றர் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்மார்ட் சுவிச் ஒரு கன்ராக்டரை (அதிக மின்சாரத்தைத் தாங்கும் மின்காந்த சுவிச்) இயக்க, கன்ராக்டர் ஹீற்றரை இயக்குவதே பாதுகாப்பு. சுவரிலுள்ள லைவ், நியூற்றல் இரண்டையும் துண்டிக்கும் 20 அம்பியர் இரட்டைமுனை சுவிச்சைக் கழற்றவே வேண்டாம்.

2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அப்படி நின்று திரும்பும்போது கருவி என்ன செய்யவேண்டும் என்று செயலியில் ஓர் அமைப்பு இருக்கும். ஹீற்றருக்கு ‘ஓஃப்’, பிரிட்ஜுக்கு ‘ஓன்’ என்று வையுங்கள். மின்சாரம் நின்றாலும் ரவுட்டர் ஓட ஒரு சின்ன யூபிஎஸ் போதும். ஸ்மார்ட் கதவுப் பூட்டு என்றால் சாதாரண சாவியும் உள்ள ரகமே வேண்டும். அந்தச் சாவி வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும்.

இனி கடவுச்சொல். 2016இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால்தான். இங்கே நடப்பது இன்னும் எளிது: பூட்ட வந்தவர் தன் கணக்கிலேயே கமராவைப் பதிந்துவிட்டு உங்களுக்குப் பகிர்ந்து தருகிறார். படம் உங்களுக்குத் தெரியும், உரிமை அவரிடம் இருக்கும். செயலியில் ‘உரிமையாளர்’ என்ற இடத்தில் உங்கள் கணக்கு இல்லையென்றால், அவருடைய கணக்கிலிருந்து கமராவை நீக்கச் சொல்லி, ரீசெட் பொத்தானை விளக்கு மினுங்கும்வரை அழுத்திப் பிடித்து, உங்கள் தொலைபேசியில் புதிதாகச் சேருங்கள். வாடகைக்கு வீடு மாறுகிறவர்கள் பூட்டையும் கமராவையும் இப்படி ரீசெட் செய்த பிறகே சாமான்களை இறக்குங்கள்.

இப்படிக்கு,
மின்னிணைப்பு வேலை தெரிந்த வாசகர்,
கொழும்பு 06