தரை துடைத்த கணக்கு

தஞ்சாவூர்
ஆடி 5

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, மருத்துவர் ஐந்து கிலோ குறைக்கச் சொல்லியிருக்கிறார், மருமகள் உன் கைபேசியில் கலோரி கணக்கிடும் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்திருக்கிறாள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது கவலையோடு கொஞ்சம் சிரிப்பும் வந்தது. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டவளுக்கு இப்போது ஒரு செயலி மதிப்பெண் போடுகிறது. அதுவும் நீ பெருக்கித் துடைத்து, பாத்திரம் தேய்த்து, துணியும் அலசிப் போட்ட பிறகு 'இன்று உடற்பயிற்சி இல்லை' என்று காட்டுகிறது. உனக்குக் கோபம் வந்ததில் வியப்பே இல்லை. அந்தக் கோபத்தில் 'வீடு துடைத்தல், 40 நிமிடம்' என்று நீயாகவே பதிந்ததும், அது உடனே 145 கலோரியை வரவு வைத்ததும், அந்த வரவை மாலைப் பலகாரத்துக்குச் செலவழிக்கலாமா என்று நீ கேட்டதும் இன்னும் அழகு.

வாழ்நாளெல்லாம் தணிக்கை வேலை பார்த்தவளிடம் கேட்டுவிட்டாய். ஆகவே பதிலும் தணிக்கைக் குறிப்பைப் போலத்தான் இருக்கும்; பொறுத்துக்கொள்.

முதலில் அந்த 145 எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். ஒவ்வொரு வேலைக்கும் 'மெட்' என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிப்பது 1 மெட், அதாவது கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கலோரி. அமெரிக்காவில் பார்பரா எய்ன்ஸ்வர்த்தும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்டுப் பின்னர் பலமுறை திருத்திய பட்டியல் ஒன்று இருக்கிறது. அதன் 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் இஸ்திரி போடுவதற்கு 1.8, பெருக்குவதற்கு 3.3, நின்றபடி மாப் போட்டுத் துடைப்பதற்கு 3.5, கையால் துணி துவைப்பதற்கு 4 என்று இருக்கிறது. சமதரையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் நடப்பதற்கும் அதே 3.5தான். இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் 'வீடு துடைப்பதும் நடைப்பயிற்சியும் ஒன்றே' என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். உன் எடை 62 கிலோ, அதை 3.5ஆல் பெருக்கி 40 நிமிடத்துக்கு எடுத்தால் 145 வருகிறது. செயலியின் கூட்டலில் பிழை இல்லை. ரசீதில்தான் பிழை இருக்கிறது.

அந்த 145இல், நீ துடைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடிய 41 கலோரியும் சேர்ந்திருக்கிறது. அது உயிர் வாழ்வதற்கான செலவு, துடைத்ததற்கானது அல்ல. அதைக் கழித்தால் மிச்சம் 104. அடுத்து, நீ பதிந்த 40 நிமிடத்துக்கு வருகிறேன். உன்னைக் குறை சொல்வதாக எண்ணாதே, என்னையே சோதித்துப் பார்த்த பிறகுதான் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை கூடம், இரண்டு அறைகள், சமையலறை என்று வழக்கம்போலத் துடைத்தேன். வாளியை எடுத்த நேரமும் துணியைப் பிழிந்து கொடியில் போட்ட நேரமும் சுவர்க்கடிகாரப்படி 42 நிமிட இடைவெளியில் இருந்தன. ஆனால் கை உண்மையில் தரையில் ஓடிய நேரத்தை மட்டும் தனியாகக் குறித்துக் கூட்டினேன்; 15 நிமிடம்கூட முழுதாக வரவில்லை. மற்ற நேரமெல்லாம் வாளியில் தண்ணீர் நிரம்பும்வரை நின்றது, நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்தது, பால்காரருக்குப் பணம் கொடுத்தது, ஈரம் காயட்டும் என்று மின்விசிறியின் கீழ் நின்றது, இடையில் அலமாரிக்குப் பின்னால் கிடைத்த பழைய கல்யாணப் பத்திரிகையைப் படித்தது என்று போயிருக்கிறது. அந்த 15 நிமிடத்துக்கு ஓய்வுச் செலவைக் கழித்துக் கணக்கிட்டால் வருவது ஏறத்தாழ 39 கலோரி. ஒரு டம்ளர் காப்பியில் நீ போடும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரைக்கு அது சரியாகப் போய்விடும். பலகாரம் அதற்கு அப்புறம்தான்.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. செயலியை முதன்முதலில் திறந்தபோது உன் வயது, உயரம், எடை ஆகியவற்றோடு 'நாள் முழுவதும் எவ்வளவு இயங்குகிறீர்கள்' என்றும் கேட்டதாகவும், நீ 'லேசான இயக்கம்' என்பதைத் தேர்ந்ததாகவும் எழுதியிருந்தாய். அந்த ஒரு தேர்வுக்குள் உன் பெருக்கல், துடைத்தல், சமையல், கடைக்குப் போய் வருதல் எல்லாம் அடங்கிவிட்டன. இத்தகைய செயலிகள் பெரும்பாலும் ஓய்வில் உடல் செலவழிப்பதைக் கணிக்க 1990இல் வெளியான மிஃப்லின் சூத்திரத்தைக் கையாள்கின்றன. உன் 60 வயதுக்கும் 155 சென்டிமீட்டர் உயரத்துக்கும் 62 கிலோ எடைக்கும் அந்தச் சூத்திரப்படி ஓய்வுச் செலவு நாளுக்கு 1128 கலோரி. உட்கார்ந்தே இருப்பவருக்கு அதை 1.2ஆல் பெருக்குவார்கள், 1354 வரும். லேசான இயக்கம் உள்ளவருக்கு 1.375ஆல் பெருக்குவார்கள், 1551 வரும். இடையிலுள்ள ஏறத்தாழ 200 கலோரியை உன் வீட்டு வேலைக்காகச் செயலி ஒவ்வொரு நாளும் காலையிலேயே முன்பணமாகக் கொடுத்துவிடுகிறது. அதே வேலைக்கு மாலையில் இன்னொரு 145 வாங்குவது, ஒரே பயணத்துக்கு இரண்டு முறை பயணப்படி எழுதுவதைப் போன்றது. பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ பேரின் பட்டியலில் இதைச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். உன் பட்டியலிலும் சுழிக்க வேண்டியதாயிற்று.

(ஒரே செயலி ஓய்வுச் செலவை ஓரிடத்தில் 1128 என்றும், மெட் கணக்கு போடும்போது கிலோவுக்கு மணிக்கு ஒன்று வீதம் 1488 என்றும் வைத்துக்கொள்வதைப் பார்த்தாயா? வயது ஏற ஏற ஓய்வுச் செலவு குறைகிறது என்பதற்காகவே அறுபதைத் தாண்டியவர்களுக்கென்று 2024இல் தனிப் பட்டியல் வெளியிட்டிருக்கிறார்கள். நாடியும் கலோரியும் காட்டும் கைக்கடிகாரம் வாங்கினால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதே. ஸ்டான்ஃபோர்டில் 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது பெரும்பாலானவை இதயத் துடிப்பை நன்றாகவே அளந்தன. கலோரியிலோ, இருப்பதில் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது.)

வட அயர்லாந்தில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கணக்கு ஒன்று 2013இல் வெளிவந்தது. அவர்கள் மிதமான உடலுழைப்பு என்று சொன்னதில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வீட்டு வேலைதான். ஆனால் வீட்டு வேலையை அதிகமாகச் சொன்னவர்களே எடையும் கூடியவர்களாக இருந்தார்கள். செய்த வேலையை மிகையாக மதிப்பிட்டிருக்கலாம், அல்லது செய்தோமே என்று கூடுதலாகச் சாப்பிட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். நீ கேட்ட பலகாரக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை படித்துவிட்டு, வீட்டு வேலையெல்லாம் வீண் என்று நான் சொல்வதாக நீ முடிவு கட்டிவிடாதே. கலோரிக் குறிப்பேட்டில் அதற்குத் தனி வரி இல்லை என்றுதான் சொல்கிறேன். இதயத்துக்கு வேறு குறிப்பேடு. அங்கே அதற்கு இடம் உண்டு. ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் 1953இல் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றி எழுதியபோது, உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, இரட்டை மாடிப் பேருந்தின் படிகளில் நாளெல்லாம் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்ததைக் காட்டினார். அந்த நடத்துநர்கள் யாரும் பயிற்சிக்கூடத்துக்குப் போனவர்கள் அல்லர். தம் பிழைப்பைப் பார்த்தவர்கள். உலக சுகாதார நிறுவனமும், ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு வைத்திருந்த விதியை 2020இல் எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும், அது துண்டு துண்டாக வந்தாலும் செல்லும் என்பதே இப்போதைய வழிகாட்டல். அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறார்கள். அதைத் துடைப்பம் தராது.

எது மிதமான உழைப்பு என்பதை உன் மூச்சே சொல்லிவிடும். வேலையின் நடுவே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கல்லூரி விடுதியில் நீ அதிகாலையில் திருப்புகழ் பாடி எல்லோரையும் எழுப்பியவள் அல்லவா? துடைக்கும்போது அதையே பாடிப் பார்; சந்தம் தடுமாறினால் அந்த நேரத்தைக் குறித்துக்கொள், தடுமாறாவிட்டால் விட்டுவிடு. நான் மணிக்கட்டில் 15 நொடி நாடி பிடித்து நான்கால் பெருக்கிப் பார்த்தேன். நின்று சமைக்கும்போது 76, பெருக்கும்போது 88, குந்தி உட்கார்ந்து துணியால் துடைக்கும்போது 108. நம் வயதுக்கு ஏறத்தாழ 102 முதல் 122 வரை மிதமான உழைப்பு என்கிறார்கள். ஆக, என் சமையலும் பெருக்கலும் தேறவில்லை, குந்தித் துடைத்தது தேறியது. மாப் வாங்கிய பிறகு அதுவும் தேறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவள். சில மாத்திரைகள் நாடியை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். ஆகவே உனக்குப் பாட்டுச் சோதனையே மேல்.

நம் அம்மாக்களின் காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அம்மா ஆட்டுக்கல்லின் முன் ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, வலக்கையால் குழவியைச் சுழற்றியபடி இடக்கையால் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார். உளுந்து பொங்கிவருவதற்குள் ரவிக்கையின் முதுகு முழுவதும் நனைந்திருக்கும். இன்று நான் கிரைண்டரின் விசையைத் தட்டிவிட்டு நாளிதழ் படிக்கிறேன், ஆனால் வாய் மட்டும் 'மாவு அரைத்தேன்' என்றே சொல்கிறது. பெயர் அப்படியே இருக்கிறது, உழைப்பு கழன்றுபோயிற்று. அம்மாவின் முழங்கையும் தோளும் கடைசிவரை பட்ட வேதனையைப் பார்த்தவள் என்பதால், அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

உன் கடிதத்தில் என்னைச் சினமூட்டிய வரி ஒன்று உண்டு. மாலையில் அரை மணி நேரம் நடக்கப் போகிறேன் என்று நீ சொன்னதற்கு, 'நாளெல்லாம் வீட்டில் வேலை செய்கிறாயே, அதைவிடப் பயிற்சி வேறென்ன வேண்டும்' என்று உன் வீட்டுக்காரர் கேட்டாராம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்திருக்கிறது. அது அவ்வளவு நல்ல பயிற்சியானால் அந்த 299இல் பாதியை அவரும் வாங்கிக்கொள்ளலாமே. அவருக்கும் தொப்பை இருக்கிறது. நான் இப்படி எழுதியதாகவே அவரிடம் படித்துக் காட்டு, என்மேல் அவருக்கு வருத்தம் வராது.

வீட்டு வேலை கலோரிக் கணக்கிலும் ஏறும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. வழக்கத்துக்கு மேல் புதிதாகச் செய்தால் அது கணக்கில் வரும். எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் செல்வி தன் மகளின் பேறுகாலத்துக்காக ஊருக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே அம்மி இல்லாததால் தெருப் புழுதி முழுவதும் கூடத்துக்குள் பறந்து வருகிறது, இரண்டு வேளை பெருக்க வேண்டியிருக்கிறது. இது எனக்குப் புதிய உழைப்பு. எடையும் முக்கால் கிலோ குறைந்தது. ஆனால் மாலையில் அலுப்பினால் அடுப்பைப் பற்றவைக்க மனமில்லாமல் வாழைக்காய் பஜ்ஜியையும் அந்த மாதம் முழுக்க விட்டிருந்தேன் என்பதால், முழு வரவையும் துடைப்பத்தின் பேரில் எழுத என் மனச்சாட்சி இடம் தரவில்லை. நீயோ நாற்பது ஆண்டுகளாக அதே வீட்டை அதே அளவுக்குத் துடைக்கிறாய். இன்றைய உன் 62 கிலோ, அந்தத் துடைப்பையும் கழித்த பிறகு நிற்கும் இருப்பு.

ஆகையால் செயலியில் 'லேசான இயக்கம்' என்பது அப்படியே இருக்கட்டும், 'வீடு துடைத்தல்' வரியை மட்டும் அழித்துவிடு. மாலை நடையை நீ உண்மையாகத் தொடங்கினால் அதை எழுது. அதற்கு ஈடாகச் சாப்பிடாதே. நான்கு வாரம் கழித்து, காலையில் காப்பிக்கு முன் எடை பார். குறையவில்லை என்றால் 1551 என்ற எண் உனக்குப் பெரிது என்று பொருள்; நூறு நூறாகக் குறைத்துக்கொள்ளலாம், மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

பதினெட்டாம் பெருக்குக்கு நீ இங்கே வரும்போது கலந்த சாதம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவோம். அன்றைக்குச் செயலியைத் திறக்க வேண்டாம். அதற்குள் ஒரே ஒரு நாள் நானும் செய்ததைப் போலக் கை தரையில் ஓடிய நிமிடங்களை மட்டும் குறித்து எனக்கு எழுது. என்னுடைய 15ஐ நீ தாண்டுகிறாயா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
மீனாட்சி